லொரெய்னுக்கு ஒரு நிழல்

"வேண்டாம்னா விடேன், வெர்னன். எனக்கு இந்த இடமே போதும்."

"பேசாம வா. இன்னிக்காவது நிழல்ல உக்காரு."

ஒரு கையில் மனைவியின் கைப்பையையும் மறு கையில் மனைவியையும் பிடித்துக்கொண்டு நடந்தார் வெர்னன். பேஸ்பால் மைதானத்தில் மூன்றாம் பேஸுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசை மரப்பலகைதான் லொரெய்னின் வழக்கமான இடம். அங்கிருந்து அவளைக் கிளப்பி, கூரை போட்ட மெத்தை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஆகஸ்ட் மாதத்து அயோவா வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

வெர்னன், கெல்பர்க் கேட்ஃபிஷ் பேஸ்பால் அணியின் கோச். அதற்கு முன் சின்னச் சின்ன லீக்குகளில், மட்டையடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்திக் குந்தி முட்டியைத் தேய்த்தவர். பெரிய லீக்கிலிருந்து என்றாவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் கூப்பிடவில்லை, முட்டிதான் போதும் என்றது. அந்தக் காலமெல்லாம் ஓட்டைக் காரில் ஊர் ஊராகக் கூடவே வந்தவள் லொரெய்ன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதை வெர்னன் என்றும் மறந்ததில்லை.

இன்று அது இன்னும் அதிகமாக நினைவுக்கு வந்தது. காலையில்தான் கிளப் மேலாளர் மார்ஜ் சொல்லியிருந்தாள்: "இன்னிக்குத் தோத்தா அடுத்த வருஷம் வேற கோச். மனசுல வெச்சுக்காதீங்க."

இதுவே கடைசி ஆட்டமானால், லொரெய்ன் அதைச் சுகமாகப் பார்க்கட்டுமே என்று நினைத்தார். பாவம், வெயில் தாங்காமல் ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அவள் படும் பாட்டை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. வெர்னன் மூன்றாம் பேஸ் அருகே தன் இடத்தில் நின்றார். சைகை காட்டுவதில் அவர் பெரிய கில்லாடி என்பது அவருடைய எண்ணம். முழங்கையைத் தொட்டால் ஓடு. அதற்கு முன்பே பெல்ட்டைத் தொட்டிருந்தால் ஓடாதே. கடைசியில் காதைத் தொட்டால், காட்டியதையெல்லாம் மறந்துவிடு. சாப்பாட்டு மேசையிலும் இதே பழக்கம்தான். பெல்ட்டைத் தட்டி மூக்கைத் தொடுவார். லொரெய்ன் உப்பை நகர்த்தி வைப்பாள்.

ஓடுகிறவனின் முதல் நிறுத்தமான முதல் பேஸில் எலீயேசர் நின்றான். டொமினிகன் நாட்டுக்காரன், வெர்னன் வீட்டின் பின்னறையில் தங்கி விளையாடுகிறவன். வெர்னன் முழங்கையைத் தொட்டார். அவன் மூன்றாவது வரிசையின் வெற்றுப் பலகையைப் பார்த்து விழித்துக்கொண்டே நின்றான். பேஸை விட்டு இரண்டடி தள்ளி நின்றபடியே அவுட்.

"நான் இங்க கரடியா கத்தாத குறையா கைய ஆட்டுறேன், நீ எங்கடா பாத்துட்டு நிக்கிற?"

"கோச், அம்மா எங்க? உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கா. அதோ, நிழல்ல."

எலீயேசர் எட்டிப் பார்த்தான். "தூண் மறைக்குதே, கோச்!" என்றான் அழாத குறையாக.

"அவளுக்கே மறைக்கல, உனக்கென்னடா மறைக்குது? போய் ஆடு."

தங்க இடம் கொடுத்தவள் மேல் இந்தப் பயலுக்கு எவ்வளவு பாசம் என்று வெர்னனுக்குக் கண் கலங்கியது.

பையன்களுக்குச் சைகை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று, அடுத்த சுற்றில் கையை அகல வீசிக் காட்டினார். இரண்டு பேர் ஒரே பேஸுக்கு வந்து சேர்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எதிரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"கட்டெறும்பு கடிச்சுதா, கோச்? ஆட்டத்தை நிறுத்தணுமா?" என்று அக்கறையாக விசாரித்தார் அம்பயர்.

வெர்னன் அணியைக் கூட்டினார். "பழசெல்லாம் ரத்து. இனிமே மூக்கைத் தொட்டா ஓடு. அவ்வளவுதான்!"

நல்ல யோசனைதான். ஆனால் மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. தன்னை மறந்து துடைத்தார். பேஸில் நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவன் அவுட், ஒருவனுக்குக் கால் சுளுக்கு.

கடைசிச் சுற்று. கேட்ஃபிஷ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. எலீயேசர் இரண்டாம் பேஸில், இன்னொருவன் முதல் பேஸில். வெர்னன் கூரைப் பக்கம் திரும்பினார். லொரெய்ன் மார்ஜின் காதில் ஏதோ படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். 'என் வேலைக்காகக் கெஞ்சுகிறாள்' என்று அவருக்கு நெஞ்சு உருகியது.

திடீரென்று லொரெய்ன் எழுந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு தன் பழைய பலகைக்கே வந்து சேர்ந்தாள்.

"அந்த மெத்தையில தூக்கந்தான் வருது!" என்று கத்தினாள்.

பதற்றத்தில் வெர்னனுக்குப் புதுச் சைகை மறந்துபோய், கை தானாக முழங்கையைத் தொட்டது.

லொரெய்ன் புழுக்கம் தாங்காமல் தொப்பியைக் கழற்றினாள். எலீயேசர் பறந்தான். மற்றவனும் பறந்தான். மட்டையில் பட்டுப் பந்து தொலைவில் விழ, எலீயேசர் பேஸ்களையெல்லாம் கடந்து வந்து சேர்ந்தான். ரன் சமம். பின்னால் வந்தவனுக்கு வெர்னன் பெல்ட்டைத் தொட்டார். லொரெய்ன் தொப்பியைத் தலையில் அழுத்தினாள். அவன் மூன்றாம் பேஸிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றான். ஓடியிருந்தால் அவுட். அடுத்த அடியில் நிதானமாக வந்து சேர்ந்தான்.

வெற்றி! வெர்னன் கைகளை விரித்து நின்றார். அணி மொத்தமும் ஓடி வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய், வேலியைத் தாண்டி, லொரெய்னைத் தூக்கிக் கொண்டாடியது.

'என் பொண்டாட்டி மேல எவ்வளவு மரியாதை!' என்று அவர் விக்கினார்.

மார்ஜ் வந்து கை குலுக்கினாள். "அடுத்த வருஷமும் நீங்கதான், கோச். ஒரே நிபந்தனை. அம்மா அந்த மூணாவது வரிசைய விட்டு நகரக் கூடாது."

குடும்பத்தை இவ்வளவு மதிக்கிற கிளப் உலகத்தில் எங்கே கிடைக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த வெர்னன், வாசலில் வேர்க்கடலை விற்கும் கஸ்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளுக்கு நன்றி, கஸ்! கடைசியில பசங்க என் சைகைய புரிஞ்சுக்கிட்டாங்கப்பா!"

"அட போங்க கோச், அம்மா தொப்பியக் கழட்டினா ஓடணும், மாட்டினா நிக்கணும்னு கடலை விக்கிற எனக்கே தெரியும், உங்க சைகை புரியிற ஒரே ஆளு இந்த ஊர்ல அவங்கதானே!"