ஆணிக்காலம்மாவின் சனிக்கிழமை

மெல்பேர்னில் நான் பழகிய மனிதர்களில், செத்தவர்களையும் உயிரோடிருப்பவர்களையும் ஒரே அதட்டலில் அடக்கி ஆண்டவர் ஆணிக்காலம்மா ஒருவர்தான். ஸ்பெயின் தேசத்துக்காரி. தரையை உதைத்து ஆடும் ஃபிளமெங்கோ நடனத்தின் ஆசிரியை. சப்பாத்தின் முனையிலும் குதியிலும் நெருக்கமாக ஆணி அடித்திருப்பார்; அதைப் பார்த்து நான் வைத்த பெயர்தான் அது. எழுபதுகளில் ஃபிட்ஸ்ரோயில் அவர் மேல்மாடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ட்ராம் பட்டறையில் வேலை செய்த நான் நேர் கீழ் அறை. விடியற்காலை வேலைக்குப் போய் வந்து பின்னேரம் சற்றுக் கண்ணயர்ந்தால், ஆறு மணிக்கு அவரும் நான்கு மாணவிகளும் என் தலைமேல் ஏறுவார்கள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்து, அதன் பிடியால் சீலிங்கில் ஓங்கி ஒரு இடி இடித்தேன். ஆட்டம் நின்றது. வெற்றி என்று படுத்தேன். இரண்டு மடங்காகத் தொடங்கியது. அன்றிலிருந்து நான் இடிப்பதும் அவர் ஆடுவதும் வழக்கமாயிற்று. சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் வாங்கிய குட்டு வீண்போகுமா? அவருடைய தாளத்துக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. என்னையறியாமல் பன்னிரண்டாவதில்தான் என் தடி போய் விழுந்தது.

ஒருநாள் படிக்கட்டில் மறித்தார். அவருடைய அரை இங்கிலீஷ் என் காதில் இப்படித்தான் விழுந்தது.

"என்ர மனுசன் திரும்பி வந்திட்டார், தெரியுமோ? கீழ இருந்து தாளம் போடுறார். வகுப்பை மூடப் போறன் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லியிருந்தனான். இனி மூட மாட்டன்."

கிட்டார் வாசித்த கணவர் முந்தின குளிர்காலத்தில் இறந்தவர். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆமோதிக்கும் "ஓம்" மட்டும்தான் வந்தது.

பிறகு நித்திரையாவது ஒன்றாவது. காய்ச்சலிலும் எழுந்து இடித்தேன். ஒருதரம் தவறிப் பதினோராவதில் இடித்துவிட்டேன். மேலிருந்து ஸ்பானிய மொழியில் வசவு கொட்டியது. செத்தும் அந்த மனுசனுக்கு நிம்மதியில்லை.

அந்த நேரம் பார்த்து சிட்னியில் வேலை கிடைத்தது. நான் போய்விட்டால் யார் இடிப்பது? வகுப்பை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவாரே என்று பயந்தேன். மனுசன் மறுபடி விட்டுப் போய்விட்டார் என்று அவர் நினைப்பதைவிட உண்மையே மேல் என்று, கடைசியில் தடியையே கையில் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"இடிச்சது நான்தான் மேடம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சனிக்கிழமையுமோ?"

"இல்லை. சனிக்கிழமையில டண்டினோங்குக்கு மாமா வீட்டை போறனான்."

"சனிக்கிழமைதான் அவர் வடிவாத் தாளம் போடுறவர்," என்று கதவைச் சாத்தினார்.

அந்தச் சனிக்கிழமை நான் மாமா வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, தடியை மடியில் கிடத்திக் கட்டிலில் இருந்தேன். ஆறு மணிக்கு ஆணிகள் தொடங்கின. பத்து, பதினொன்று. என் கை அசையவில்லை. சீலிங்கில், நான் இடித்து இடித்துத் தேய்ந்த அதே வட்டத்தில், டொக் என்றது. சுண்ணாம்பு கொஞ்சம் என் முழங்காலில் உதிர்ந்தது. அடுத்த பன்னிரண்டிலும் அப்படியே. என்னுடையதைவிடச் சுத்தமான தாளம்.

மனம் ஆறிவிட்டது. அவர் தனியே ஆடப்போவதில்லை. தும்புத்தடியை மூலையில் சார்த்திவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். வாசலில் நின்று மேலே பார்த்து, "போயிட்டு வாறன்," என்றேன், இரண்டு பேருக்கும்.