கணுக்காலில் இருநூறு கிலோமீட்டர்

சைக்கிள் கடை வாசலில் அன்று சைக்கிளைவிட ஆட்கள் அதிகம். மறுநாள் காலை இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். மூன்று மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டு, "நாளையிலிருந்து பயிற்சி" என்று மூன்று மாதமாகச் சொல்லி வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். பஞ்சர் ஒட்டவா? இல்லை. பயிற்சி வாங்க.

ஆமாம், வாங்கத்தான். கடைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சங்கிலியார். எதிரே ஒரு தட்டு நிறைய அறுத்த சைக்கிள் சங்கிலித் துண்டுகள்.

"இது சாதாரண இரும்பு இல்ல. பெரிய பெரிய வீரருங்க லட்சம் கிலோமீட்டர் மிதிச்ச சங்கிலி. ஓடின தூரமெல்லாம் இதுல ஊறிக் கெடக்கு. கணுக்கால்ல கட்டினா உங்க காலுக்குள்ள இறங்கிடும்."

"எவ்வளவு தூரம் சாமி இறங்கும்?" என்று கேட்டார் வங்கி அதிகாரி. அவருடைய தொப்பை அவருக்கு முன்பே வரிசையில் இடம் பிடித்திருந்தது.

"சின்னத் துண்டு நூறு. பெரிய துண்டு இருநூறு."

"திரும்பி வர?"

"அதுக்கு இன்னொரு காலுக்கும் கட்டணும்."

நியாயம்தானே! கால் இரண்டு இருக்கும்போது ஒன்றை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும்?

சந்தேகப்படுகிறவர்களுக்குச் சோதனையும் உண்டு. ஆள் கால்களைச் சேர்த்து நின்று, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். சங்கிலியார் இரண்டே விரலால் அந்தக் கையை அமுக்குவார். ஆள் சரிவான். அப்புறம் துண்டைக் கட்டிவிட்டு அமுக்குவார். ஆள் தூண் மாதிரி நிற்பான். கூட்டம் "ஆ!" என்று வாயைப் பிளக்கும். சங்கிலியாரின் பை அதைவிட அகலமாகப் பிளக்கும்.

பக்கத்துக் கடைத் தையற்காரர் நேற்றே ஒன்று வாங்கிவிட்டார், பெரிய துண்டாக. அவர் செய்த மொத்தப் பயிற்சி நாலு ஞாயிற்றுக்கிழமை. அதில் இரண்டு மழை.

அன்று காலையில் அவர் தண்ணீர் பாட்டில்களைச் சைக்கிளிலிருந்து கழற்றுவதை அவர் மனைவி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வழியில தண்ணி குடிக்கக் கூடாதாம். உடம்புல ஈரம் ஏறினா இரும்பு துருப்பிடிச்சிருமாம். சக்தி போயிடும்."

"இருநூறு கிலோமீட்டர். இந்த வெயில்ல. தண்ணி இல்லாம?"

"சங்கிலி பாத்துக்கும்."

"வெயில்ல சுருண்டு விழுந்தவங்களை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வருவாங்க. ஊசி போடறது நான்தான். இதுவரைக்கும் ஒரு சங்கிலிகூட பக்கத்துல வந்து நின்னதில்ல."

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்."

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவர் பாட்டிலோடு சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் போவார், அது அவளுக்குத் தெரியும்.

"சரி, எனக்கும் ஒருதரம் கண்ணால பாக்கணும். உங்க கடையில துணி போட்டுப் பாக்கற திரைக்குப் பின்னால வாங்க. ரெண்டு தடவை சோதிக்கச் சொல்வோம். ஆனா நான் என்ன சொன்னாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"பாரேன், நீயே வாங்குவ!"

கணுக்காலை மூடித் தரையைத் தொடும் நீளமான பேன்ட்டோடு தையற்காரர் திரைக்குப் பின்னாலிருந்து சைக்கிள் கடைக்கு வந்தார்.

"சாமி, முதல்ல கட்டாம ஒருதரம், அப்புறம் கட்டி ஒருதரம் அமுக்கிக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் நர்ஸ்.

கூட்டம் கூடினால் சங்கிலியாருக்குக் கசக்குமா? அமுக்கினார். தையற்காரர் வங்கி அதிகாரியின் தொப்பை மேலேயே சரிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"பாத்தீங்களா, வெறும் காலு!" என்றார் சங்கிலியார்.

மறுபடி திரை. மறுபடி வந்தார். "இப்ப கட்டியாச்சு சாமி" என்றாள் நர்ஸ்.

அமுக்கினார். தையற்காரர் அசையவில்லை. கைதட்டல்.

"என்னங்க, இப்ப பேன்ட்டைத் தூக்குங்க."

தூக்கினார். இரண்டு கணுக்காலும் மொட்டையாக இருந்தன. நர்ஸ் கைப்பையைத் திறந்து சங்கிலித் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"முதல்ல விழுந்தாரே, அப்பதான் இது கால்ல இருந்துச்சு."

சங்கிலியார் இரண்டுதரம் இருமினார்.

"அது... சக்தி கால்லயே தங்கியிருக்கும்மா. கழட்டினாலும் போகாது."

"அப்போ மாட்டியிருந்தப்போ ஏன் சாமி விழுந்தாரு?"

அவள் கணவரின் கையை மறுபடி நீட்டச் சொன்னாள். ஒற்றை விரலை வைத்தாள்.

"கட்டலன்னு நெனச்சா இந்தச் சாமி கையை வெளிப்பக்கமா இழுத்து அமுக்குவாரு. யாரா இருந்தாலும் சாய்வாங்க." சாய்ந்தார். "கட்டியிருக்குன்னு நெனச்சா உடம்புப் பக்கமாத் தள்ளி அமுக்குவாரு. எவ்வளவு அமுக்கினாலும் நிப்பாங்க." நின்றார். "சக்தி எல்லாம் இவரோட விரல்ல. தூரமெல்லாம் இவரோட பையில."

அடுத்த நிமிடம் கடைக்குள் ஆளாளுக்குக் கையை நீட்டி அமுக்கிப் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலியார் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே தையற்காரர் நின்றிருந்தார்.

"என்ன சாமி, அவசரமா? இருநூறு கிலோமீட்டர் போகணுமா? முதல்ல எல்லாரோட பணத்தையும் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

திருப்பிக் கொடுத்தார். வேறு வழி? வரிசை இப்போது எதிர்த்திசையில் நின்றது.

தன் முறை வந்ததும் வங்கி அதிகாரி நர்ஸின் காதருகே குனிந்தார்.

"எல்லாம் சரிம்மா. நானும் பயிற்சி எடுக்கல. நாளைக்கு என்னதான் பண்றது?"

"மெதுவா மிதிங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிங்க. தலை சுத்தினா இறங்கி நிழல்ல உக்காருங்க. முடியலன்னா பின்னால வர்ற வேன்ல ஏறுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

"அவ்வளவுதானா? கட்டிக்கிறதுக்கு ஏதும் இல்லயா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலுக்குப் பயிற்சி குடுக்க நேரமில்ல, சரி, ஒத்துக்கறேன். அதுக்கு ரோடு வேணும், லீவு வேணும். தலைக்குப் பயிற்சி குடுக்க என்ன சார் வேணும்? அது நாள் முழுக்கக் கழுத்து மேலதானே சும்மா உக்காந்திருக்கு?"