ஆண்கள் அறையில் பெண்கள் வரிசை

பெரிய ஆஸ்பத்திரி என்று பெயர் எடுத்துவிட்டால் அதற்கு ஆண்டுக்கு ஒரு புதுக் கொள்கை வேண்டும். எங்கள் புற்றுநோய் மருத்துவமனை இந்தக் கடமையிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. போன ஆண்டு ‘புன்னகை மருத்துவம்’ நடந்தது. ஊசி போடுகிறவர் முதல் பிணவறைக் காவலர் வரை எல்லோரும் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. பிணவறைக் காவலர் மேல் மட்டும் புகார் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சுவரெல்லாம் பச்சை வண்ணம். பச்சையைப் பார்த்தால் நோயாளிக்குக் குமட்டல் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெயின்ட் வாடையில் வாந்தி எடுத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த ஆண்டு இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய், தோளில் ஒரு துணிப்பையும் வாயில் ஒரு புதுச் சொற்றொடருமாகத் திரும்பினார். “நோயைப் பார்க்காதே, முழு மனிதரைப் பார்.” முழு மனிதருக்கு இல்லற வாழ்வு என்று ஒன்று உண்டு. புற்றுநோய் வந்தபின் படுக்கையறையில் என்ன ஆகிறது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை, எந்த நோயாளியும் கேட்பதில்லை. ஆகவே சொல்லவும் கேட்கவும் ஒரு பிரிவு தேவை என்றார். நியாயமான பேச்சுதான். இயக்குநர் வாயிலிருந்தும் சில சமயம் நியாயம் வந்துவிடும். பிறகு அவர் கமிட்டி போட்டுவிடுவார்.

கமிட்டி முழுக்க ஆண்கள். பெண்மணி ஒருவரும் இருந்தார். மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. பல தடவை கூடி, தேநீர் அருந்தி, ஆழ்ந்து ஆராய்ந்து, ஆண் நோயாளியும் பெண் நோயாளியும் தேவைகளில் வேறுபடுகிறார்கள் என்ற உண்மையைக் கமிட்டி கண்டறிந்தது. ஆணுக்குத் தேவை தாம்பத்தியத் தகவல். பெண்ணுக்குத் தேவை தலைமுடி, தலைக்கட்டு, மன அமைதி. பெண்கள் யாரையாவது கேட்டீர்களா என்று அந்தப் பெண்மணி மெதுவாகக் கேட்டாராம். “கேட்டால் கூச்சப்படுவார்கள், அது மனிதாபிமானம் இல்லை” என்று தலைவர் விளக்கினார். அதையும் அந்தப் பெண்மணியே குறித்துக்கொண்டார்.

மாடித் தாழ்வாரத்தின் கோடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் திறக்கப்பட்டன. ஆண்கள் அறையில் பிளாஸ்டிக்கில் செய்த உறுப்பு மாதிரிகள், வண்ணப் படங்கள், ஏசி, ஓர் ஆலோசகர். பெண்கள் அறையில் ஒரு நிலைக்கண்ணாடி, ஓர் அலமாரி நிறையத் துணி, ஓர் அம்மையார். யார் போனாலும் அவர் ஒரு ஸ்கார்ஃபைத் தலையில் கட்டிவிட்டு அனுப்பியதால் ஸ்கார்ஃப் அம்மா என்று பெயர் நிலைத்தது.

ஆண்கள் அறைக்கு ஓர் ஆணும் போகவில்லை. ‘ஆண்மைக் குறைபாடு மற்றும் இல்லற இன்ப ஆலோசனை’ என்று வாசலுக்கு மேலே விளக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். அது தாழ்வாரத்தின் மறுகோடி வரை தெரியும். எதிரே காத்திருப்போர் பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களுக்கும் கேள்வி இருந்தது. அத்தனை பேரும் அடுத்தவர் எழுந்து போகிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்தப் பெஞ்சில் இருந்தவன்தான், ஆனால் என் கதையா இப்போது முக்கியம்?

உள்ளே ஆலோசகர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் பதவியே போய்விடும் என்று பயந்து, இயக்குநரிடம் கெஞ்சி ஒரு சுற்றறிக்கை வாங்கிக் கதவில் ஒட்டினார். ‘நேரில் வர இயலாத ஆண்களுக்காக அவர்தம் மனைவியர் விசாரிக்கலாம்.’ பெண்களுக்காகக் கணவன்மார் விசாரிக்கலாம் என்று எதுவும் இல்லை. பெண்களுக்குத்தான் விசாரிக்க ஒன்றுமில்லை என்று முடிவாகிவிட்டதே.

நிலைமை இப்படி இருக்கையில்தான் கணக்கு டீச்சர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கர்ப்பப்பை வாயில் புற்று வந்து, கதிர் சிகிச்சையும் மருந்தும் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. “நல்லா இருக்கீங்க, போயிட்டு வாங்க” என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு நல்லாத்தான் இருந்தது. வீடுதான் சரியில்லை. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி உயரத்திலும் அந்தரத்தில் நின்று வேலை செய்கிற மனிதர், வைத்தியம் தொடங்கிய அன்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை. அக்கறையில் குறை சொல்ல முடியாது. வெந்நீர் வைத்துக் கொடுப்பார், மாத்திரையை எடுத்துக் கொடுப்பார், “தூங்கு” என்று விளக்கை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போய்விடுவார்.

டீச்சருக்கு அது முள்ளாகக் குத்தியது. தன்னைத் தொடவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார். சரி, வா என்று கூப்பிட்டுவிடலாம் என்றால் இன்னொரு பயம். வலிக்குமோ? அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இந்த இரண்டு கேள்விகளோடு பெண்கள் அறைக்குள் போனார்.

“மேடம், வைத்தியம் முடிஞ்சிடுச்சு. இனிமே நானும் வீட்டுக்காரரும் ஒண்ணா இருக்கலாமா?”

“தாராளமா இருங்க. குடும்பம்னா ஒத்துமை வேணும்.”

“அதில்லை மேடம். படுக்கையில.”

ஸ்கார்ஃப் அம்மா கதவைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார்.

“ஊதாவா, மஞ்சளா?”

“எனக்கு முடி கொட்டவே இல்லையே!”

“கொட்டினவங்க, கொட்டாதவங்கன்னு நாங்க பாகுபாடு பார்க்கிறதில்லை.”

கண்ணாடி சரியாமல் இருக்க அதன் அடியில் ஒரு தடித்த புத்தகத்தை அண்டக் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ‘பெண் நோயாளிகளின் தாம்பத்திய நலம்’ என்ற தலைப்பு டீச்சர் கண்ணில் பட்டது.

“அதுல போட்டிருக்குமே மேடம்?”

“அதை எடுத்தா கண்ணாடி விழுந்துடும்.” மஞ்சளைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே ஸ்கார்ஃப் அம்மா குரலைத் தாழ்த்தினார். “உயிர் பிழைச்சதே பெரிசு. இனிமே எதுக்கும்மா இதெல்லாம்?”

டீச்சர் மஞ்சள் தலையோடு வெளியே வந்தார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பக்கத்துக் கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கை கண்ணில் பட்டது. கணக்கு டீச்சர் ஆயிற்றே, இந்தப் பக்கம் வராத விடையை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தெரியாதா? உள்ளே நுழைந்தார். ஆலோசகர் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்கம்மா, வாங்க வாங்க! கணவருக்காகவா?”

“ஆமாங்க. அவரால நேர்ல வர முடியலை.”

“பாவம். என்ன புற்று?”

டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “கர்ப்பப்பை வாயில” என்றார்.

ஆலோசகரின் பேனா நின்றது. வாசலைப் பார்த்தார். இவரை விட்டால் அடுத்த ஆள் எப்போது வருமோ? “குறிச்சுக்கிறேன்” என்றார். “தொந்தரவு என்னன்னு சொன்னாரா?”

“உள்ளே வறண்டு போச்சாம். சேர்ந்தா வலிக்குமோன்னு பயமாம். மனைவிக்குத் தன்னைப் பிடிக்காமப் போயிடுச்சோன்னு நினைச்சு, தனியாப் படுத்து அழுறார்.”

“ரொம்ப மென்மையான மனுஷர்” என்று ஆலோசகர் உருகினார். ஆண்களுக்கான புத்தகத்தைப் புரட்டினார். வறட்சி என்று ஒரு வரிகூட இல்லை. நேரே பக்கத்து அறைக்குப் போய், “ஆண் நோயாளி ஒருத்தருக்கு அவசரம்” என்று சொல்லி அந்தத் தடித்த புத்தகத்தை உருவினார். கண்ணாடி விழுந்து உடைந்தது. ஆண் நோயாளியின் அவசரம் என்பதால் ஸ்கார்ஃப் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

“படிச்சு வைக்கிறேன். ஃபோன் நம்பரைக் கொடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார் ஆலோசகர். டீச்சர் கணவருடைய நம்பரையே கொடுத்தார். நோயாளி அவர்தானே!

விஷயம் பெண்கள் வார்டில் பரவியது. அடுத்த வாரம் டீச்சர் வந்தபோது ஆண்கள் அறை வாசலிலிருந்து மாடிப்படி வரை பெண்கள் நின்றார்கள். வழி கண்டுபிடித்தவர் வரிசையின் வாலில் நிற்க வேண்டியதாயிற்று.

“என் வீட்டுக்காரருக்கு ஒரு மார்பை எடுத்துட்டாங்க சார். நான் பார்த்துடுவேனோன்னு விளக்கே போட விடமாட்டேங்கிறார்.”

“என் வீட்டுக்காரருக்கு இன்னும் முப்பதுகூட ஆகலை. அதுக்குள்ள மாதவிலக்கு நின்னுபோச்சு. ராத்திரியெல்லாம் உடம்பு கொதிக்குதாம்.”

“என் வீட்டுக்காரர் செத்து நாலு வருஷமாச்சு சார். இருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.”

ஆலோசகர் எல்லாவற்றையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். மெய்யாகவே கணவனுக்காகக் கேட்க வந்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். அந்தக் கணவன்மார் பெஞ்சில்தான் இருந்தார்கள். “உள்ளே ஒரே பொம்பளைங்களா இருக்காங்க, எப்படிப் போறது?” என்று அவர்களுக்கு இப்போது கௌரவமான ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. டீச்சரின் முறை வருவதற்குள் அலுவல் நேரம் முடிந்தது.

மாத இறுதியில் அறிக்கை போயிற்று. ‘ஆண்களின் தகவல் தேவை கடலெனப் பெருகியுள்ளது. குறிப்பாக உள் வறட்சி, மார்பக இழப்பு, மாதவிலக்கு நிற்றல் ஆகியவற்றால் ஆண்கள் பெரிதும் அவதியுறுகின்றனர். பெண்களிடமிருந்து கேள்வி ஏதும் பெறப்படவில்லை.’ இயக்குநர் கண் கலங்கினார். கமிட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டதல்லவா? பெண்கள் அறையைப் பூட்டினார்கள். ஆண்கள் வார்டில் உள் வறட்சிக்காகக் கட்டிலுக்கு ஒரு டியூப் ஜெல் வழங்கினார்கள். பலர் அதைத் தலைக்குத் தடவிக்கொண்டார்கள். முதல் பயனாளியை நேரில் வரவழைத்து ஆலோசனை வழங்குமாறும் உத்தரவாயிற்று.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன் வந்தபோது அவர் ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

“புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். அந்தக் கர்ப்பப்பை விஷயமா உடனே நேர்ல வாங்க.”

மெக்கானிக் கிரீஸ் டப்பாவைப் போட்டுவிட்டு இறங்கினார். அவளுக்கு மறுபடியும் வந்துவிட்டது, என்னிடம் மட்டும் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். கிரீஸ் கையோடு ஓடிவந்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் வாயைப் பிளந்து பார்க்க, விளக்குப் பலகையை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே நுழைந்தார். அந்த அறைக்குள் தன் காலால் நடந்து போன முதல் ஆண் அவர்தான். அவருக்குப் புற்றுநோய் கிடையாது.

“உட்காருங்க சார்” என்றார் ஆலோசகர். “பயப்படாதீங்க. எல்லாம் ஆறிடுச்சு.”

“யாருக்குங்க?”

“உங்களுக்குத்தான்.”

ஏதோ குளறுபடி என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. ஆனால் ‘ஆறிடுச்சு’ என்ற சொல்லைக் கேட்டபின் எழுந்து போக மனம் வரவில்லை. “சொல்லுங்க சார்” என்றார்.

“இந்தப் புற்று கூடப் படுத்தா ஒட்டிக்காது. வெளியிலிருந்து வச்ச கதிர் உடம்புல தங்காது. உங்க மனைவிக்கு ஒண்ணும் ஆகாது. வறட்சிக்கு இந்த ஜெல்லைப் போட்டுக்கங்க. அவசரப்பட வேண்டாம். வலிச்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்காதீங்க. தொந்தரவு தொடர்ந்தா டாக்டரைப் பாருங்க. முக்கியமா, தனியாப் படுத்து அழாதீங்க.”

“அழுறேனா?”

“உங்க மனைவிதான் சொன்னாங்க. அவங்களுக்கு உங்களைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைக்கிறீங்களாமே. தப்பு சார் அது.”

மெக்கானிக் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரொம்பத் தப்பு சார்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெல்லை மேசைமேல் வைத்தார். கறுப்பாகக் கிடந்த அவர் முகத்தைப் பார்த்து டீச்சர் பதறினார்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. எனக்குக் கர்ப்பப்பை நல்லா ஆறிடுச்சாம்.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

“என்கிட்டயிருந்து உனக்கு ஒட்டிக்காதாம்” என்றார் மெக்கானிக். “வலிச்சா நான் நிறுத்தச் சொல்லணுமாம், வெட்கப்படக் கூடாதாம்.”

“சொல்லுங்க. நான் நிறுத்திடறேன்.”

“உனக்கு வலிக்குமேன்னுதான் நான் ஹாலுக்குப் போனேன்.”

“நான் வேண்டாமாப் போயிட்டேன்னு நினைச்சேன்.”

தலையணை சோபாவிலிருந்து உள்ளே போயிற்று.

சில வாரங்கள் கழித்து ஆலோசகர் ஃபோன் செய்தார். “தொடர் விசாரணைக்காகக் கூப்பிட்டேன் சார். இப்போ இல்லறத்துல திருப்தியா?” மெக்கானிக் முகம் சிவந்து, “நீயே பேசு” என்று ஃபோனை மனைவி கையில் திணித்தார்.

“அவருக்குத் திருப்திங்க” என்றார் டீச்சர்.

“ரொம்ப சந்தோஷம்மா. குறிச்சுக்கிறேன்.” ஃபோன் அணைந்தது. இன்னொரு கேள்வியும் வரும் என்று டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

“என்ன கேட்டார்?”

“உங்களுக்குத் திருப்தியான்னு.”

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“உனக்கு?”

“உங்க வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தையை வாங்க ஓர் ஆஸ்பத்திரியே வேலை செய்ய வேண்டியிருந்தது” என்றார் டீச்சர். “உட்காருங்க. சொல்ல நிறைய இருக்கு.”

அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.