சாலயாவும் என் காரின் வலது விளக்கும்

வெட்கப்படுவதை முழுநேரத் தொழிலாகச் செய்கிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த மலைநாட்டில் சாலயாதான். மீன் விற்பது அவருக்குப் பகுதிநேரம். நாமெல்லாம் ஒரு பிழை செய்தால் ஒரு பொழுது வெட்கப்படுவோம், மிஞ்சிப்போனால் ஒரு கிழமை. அதற்குள் பழியை மற்றவன் தலையில் கட்ட ஒரு வழி கிடைத்துவிடும். சாலயாவுக்கு மட்டும் அப்படி ஒரு வழி கிடைப்பதே இல்லை. நானே தேடிக் கொடுத்தும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

சாலயா என்பது மீனின் பெயர். விலை குறைந்த சின்ன மீன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளின் அடுப்புகளில் அதிகம் கொதிப்பது அதுதான். தலவாக்கலையில் யாரிடமாவது அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு "சாலயாதாங்க" என்பார்கள். வெள்ளை வேன் ஒன்றில் தோட்டம் தோட்டமாகப் போய் மீன் விற்பார். நல்ல உயரம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஆனால் வெட்கம் வந்துவிட்டால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பாதி ஆளாகிவிடுவார். என் காரில் மோதிய நாளிலிருந்து நான் அவரைப் பாதி ஆளாகத்தான் பார்த்துவருகிறேன்.

நான் பிரதி அதிபராக இருந்த பாடசாலைக்கு ஏறும் தோட்டத்து ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கவேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கவேண்டும். எழுதி வைக்காத சட்டம் என்றாலும் எல்லோரும் மதிப்பார்கள். ஆனால் சாலயா ஹோர்ன் அடிப்பது வளைவுக்காக அல்ல, வியாபாரத்துக்காக. அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் சட்டியோடு வெளியே வருவார்களே தவிர, டிரைவர்மார் யாரும் பிரேக்கில் கால் வைக்கமாட்டார்கள். அன்றைக்குப் பாடசாலை விட்டு நான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஹோர்ன் கேட்டது. லயத்துக்கு மீன் வந்திருக்கிறது என்று நினைத்தேன். மீன் எனக்கு நேராக வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கவில்லை.

என் காரின் மூக்கு நசுங்கியது. அவருடைய வேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் அவர் அடித்திருந்த இரும்புக் கம்பி அப்படி. வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"சேர்! ஐயோ சேர்! ஒங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணும் இல்லைங்க. ஏறுற வண்டிக்கு நான்தான் நிப்பாட்டி இருக்கணும். பிழை என்னோடது."

"அப்புடிச் சொல்லாதீங்க சேர். நான் அடிச்சது மீன் ஹோர்ன். அத நீங்க எப்புடி ரோட்டு ஹோர்ன்னு நெனைப்பீங்க?"

"சரி, ஆளுக்குப் பாதின்னு வச்சுக்குவோம்."

"பாதிகூட வேணாம் சேர். முழுசும் எங்கிட்டயே இருக்கட்டும்."

உலகத்தில் பிழைக்குப் பங்கு கேட்டுச் சண்டை போட்டு, அதில் தோற்றும் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கராஜ் மெக்கானிக் பாஸ் பொனட்டைத் தட்டி எடுத்தார், மட்கார்டை நேராக்கினார், ரேடியேட்டரையும் சரிசெய்தார். வலது பக்க ஹெட்லைட் மட்டும் கிடைக்கவில்லை. பகலிலேயே மூடுபனி இறங்குகிற ஊரில் ஒற்றைக் கண்ணோடு ஓடினால் பொலிஸ் சும்மா விடுமா? கார் கராஜிலேயே நின்றது.

"இந்த மொடல செஞ்சவனே மறந்துருப்பான் சேர்," என்றார் பாஸ். "கொழும்புல தேடியாச்சு, இல்ல. ஜப்பான்லருந்து பழைய சாமான் கண்டெய்னர் வந்தாத்தான் உண்டு."

"எப்ப வரும்?"

"கப்பல்ல இருக்குன்னு சொல்றாங்க."

அடுத்த சில மாதங்களில் அந்தக் கப்பலைப் பற்றி, என் சொந்தக்காரர்களைப் பற்றித் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரிந்துவிட்டது. சிங்கப்பூரில் நின்றது. கொழும்புக்கு வந்தும் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. கடைசியில் கண்டெய்னரைத் திறந்தார்கள். என் மொடல் காரின் கதவுகள் இருந்தன, இருக்கைகள் இருந்தன, யாரோ ஒரு ஜப்பான் குழந்தை மறந்துவிட்ட ஒற்றைச் சப்பாத்துகூட இருந்தது. விளக்கு இல்லை. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.

எனக்கோ ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரியாவிடை விழாவுக்குச் சொந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்று ஒரு ஆசை. லயத்தில் பிறந்து, மழையில் நனைந்து அதே பாடசாலைக்கு நடந்துபோய்ப் படித்தவன் நான். அந்தக் கேட்டுக்குள் காரில் ஒரு முறையாவது மாலை மரியாதையோடு போகவேண்டும் என்று நினைப்பது பெரிய குற்றமா? இதை என் மனைவி வாய்தவறி சாலயாவிடம் சொல்லிவிட்டாள். அவர் எங்கள் வாசற்படியில் நின்றபடியே அறிவித்தார்.

"அந்த விழாவுக்கு சேர் அந்தக் கார்லதான் போய் எறங்குவாரு. லைட்ட நான் கொண்டாந்து மாட்டுற வரைக்கும் இந்த வீட்டுல ஒக்கார மாட்டேன் அக்கா."

"ஐயோ, அதெல்லாம் என்னத்துக்கு அண்ணே? உள்ள வந்து தேத்தண்ணி குடிங்க."

"குடிக்கிறேன். நின்னுக்கிட்டே குடிக்கிறேன்."

அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் குடித்தார். அதோடு விட்டாரா? கார் இல்லாத எனக்குத் தானே வாகனம் என்று முடிவுகட்டிக்கொண்டார். மறுநாள் காலையிலேயே வேன் எங்கள் வாசலில் நின்றது. முன் இருக்கையில் புதுத் துவாய் விரித்திருந்தது. மீன் வாசம் தெரியக்கூடாது என்று உள்ளே சாம்பிராணி போட்டிருந்தார். கோயில் திருவிழாவுக்குள் மீன்கடை போட்டதுபோல இருந்தது. அன்றைக்குப் பாடசாலை வளவில் இருந்த பூனைகள் எல்லாம் என் வகுப்புக்கு வந்தன. வருகைப் பதிவு எடுக்காத குறைதான்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவர் வருமுன்னே வீட்டைவிட்டு இறங்கி பஸ்ஸில் ஏறிவிட்டேன். மனிதர் விடவில்லை. ஹோர்ன் அடித்துக்கொண்டே பஸ்ஸைத் துரத்தி, முந்தி, குறுக்கே நிறுத்திவிட்டு, பஸ் வாசலில் வந்து நின்றார்.

"சேர், என்னைய இன்னும் மன்னிக்கலீங்களா?"

பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "பாவம் அந்த மனுசன். படிச்சவரு இப்புடிச் செய்யலாமுங்களா? எறங்கிப் போங்க சேர்." இறங்கிப் போனேன். அதற்குப் பிறகு வெகுநாள் நான் பஸ்ஸை நினைக்கவே இல்லை.

வேனில் போவதைவிட வேன் நிற்பதுதான் கொடுமை. வழியில் இருக்கிற லயங்களில் வியாபாரம் செய்யாமல் அவரால் போகமுடியாது. நிற்கிற இடத்திலெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார். "நான் கார ஒடச்சுப்புட்டேன்னு சொன்னேனே, அந்த சேர் இவருதான்." உடனே நாலு பேர் வந்து, காயம் ஏதும் தெரிகிறதா என்று என்னைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் என் மாணவி ஒருத்தியின் தாய் சட்டியோடு வந்து, "சேர், மகள் கணக்குல எப்புடி? பலயா என்ன வெலை?" என்று ஒரே மூச்சில் கேட்டார். நான் இரண்டுக்கும் பதில் சொன்னேன். பலயா மீனின் விலை எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். பாடசாலைக்குக் கொஞ்சம் முன்னதாகவே தேயிலைத் தொழிற்சாலை வளைவு ஒன்று உண்டு. அங்கே இறங்கிக்கொள்வேன். "கொஞ்சம் நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டொக்டர் சொல்லியிருக்காருங்க" என்று ஒரு பொய். அவரும் தலையாட்டுவார். நான் மிடுக்காக நடந்து கேட்டுக்குள் போவேன். மீன் வேனில் வந்தவன் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது?

ஒரு நாள் பேய் மழை. வளைவு வந்தது. இந்த மழையில் எப்படி இறங்குவது, எப்படி இறங்காமல் இருப்பது என்று நான் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே சாலயா வேனை நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டினார். ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"எறங்குற எடம் வந்துருச்சு சேர். புள்ளைங்க பாக்குறதுக்குள்ள போயிருங்க."

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த மழையிலும் என் முகம் சுட்டது. குடையை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது சாலயா வாசலில் வந்து நின்றார். கழுத்து கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

"லைட் கெடைச்சிருச்சு சேர்! நீர்கொழும்புல ஒருத்தன் பழைய கார் ஒண்ணு ஒடைச்சிருக்கான். நம்ம மீன் லொறிக்காரன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்துரும். கண்ணாடிச் சாமான், பத்திரமாக் கொண்டான்னு ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன்."

மறுநாள் கராஜில் நான், பாஸ், சாலயா மூவரும் கூடி நின்றோம். லொறிக்காரர் மீன் அடைக்கிற பெரிய ரெஜிஃபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து பெருமையோடு வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே நிறைய ஐஸ். மீன்காரர்களுக்குப் பத்திரம் என்றால் அதுதான். உப்புப் போட்டு, ஐஸ் போட்டு, மேலே சாக்கு போட்டு, எதுவும் கெட்டுப்போகாதபடி கட்டியிருந்தார்கள். ஐஸைத் தோண்டத் தோண்ட முதலில் இரண்டு சூரை மீன் துண்டு வந்தது. அதற்குக் கீழே என் விளக்கு.

பாஸ் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பாதிக்குத் தண்ணீர். வெள்ளிப் பூச்சு உப்பில் உரிந்து மிதந்துகொண்டிருந்தது.

"இது லைட் இல்ல சேர்," என்றார் பாஸ். "மீன் தொட்டி."

லொறிக்காரர் மட்டும் புரியாமல் நின்றார். "ஏன், நாத்தம் ஒண்ணும் அடிக்கலயே?" என்றார். பாஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சாலயாவைக் காணவில்லை. வேனையும் காணவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தோட்டங்களில் ஹோர்ன் சத்தமே இல்லை. நான் பஸ்ஸில் போனேன், யாரும் என்னைத் துரத்தவில்லை. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை.

விழா நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பளபளப்பான கார் வந்து நின்றது. கல்யாண வீட்டுக் கார்போல முன்னால் பூ. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். "சாலயா அண்ணன் அனுப்புனாருங்க" என்றார். என் மனைவி பட்டுச் சேலையோடு அதில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஏறப்போனேன். கதவைச் சாத்திவிட்டாள்.

"நான் இதுல போறேன். நீங்க போய் அந்த மனுசனக் கூட்டிட்டு வாங்க."

சந்தைக்குப் பின்னால் அவருடைய வீடு. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "அவரு இல்லீங்க சேர். நுவரெலியா போயிருக்காரு." நுவரெலியா போனவரின் கால்கள் இரண்டும் வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. நான் போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணே, நேரமாகுதுங்க."

வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னைக்கு வேணாம் சேர். மாலை போடுற நாளு. மீன் வாசத்தோட போகக்கூடாது."

"எனக்குப் பழகிருச்சு. மத்தவங்களும் பழகிக்குவாங்க."

"ஒங்களுக்கு வெக்கமா இருக்கும் சேர்."

"இருந்துச்சு. இவ்வளவு நாளும் இருந்துச்சு. அப்புடி இருந்ததுக்குத்தாங்க இப்ப வெக்கமா இருக்கு."

அடியில் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கால்கள் உள்ளே போயின, தலை வெளியே வந்தது. முகமெல்லாம் கிரீஸ். அவர் மனைவி ஓடிப்போய் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலை வளைவில் அவர் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது. "கேட்டுக்குள்ள விடுங்க" என்றேன். பேண்ட் வாத்தியக்காரப் பிள்ளைகள், மாலையோடு அதிபர், பொன்னாடையோடு வலயக் கல்வி அதிகாரி எல்லோரும் வரிசையாக நிற்க, அவர்கள் நடுவில் மீன் வேன் போய் நின்றது. அதிபர் மாலையைப் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிள்ளைகள் மட்டும் "சாலயா மாமா!" என்று கத்தித் தீர்த்துவிட்டார்கள்.

முன்வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தோம். மறுபக்கத்து நாற்காலி மெல்ல நகர்ந்தது. அவர் முழு ஆளாக நிமிர்ந்து உட்கார்ந்து, விழா முடியும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தார். யாரோ அமைச்சரின் பெயரைச் சொன்னதற்குக்கூடத் தட்டினார்.

திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். மனைவி தேத்தண்ணி போட்டாள். "இன்னைக்காவது உள்ள வந்து ஒக்காருங்க அண்ணே" என்றாள்.

"லைட் வரட்டும் அக்கா," என்றார், வாசலில் நின்றபடியே.

நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது எனக்குப் பாடசாலை இல்லை, போக ஒரு இடமும் இல்லை. இருந்தாலும் காலையில் அவர் வந்து, "சேர், இன்னைக்கு எங்கிட்டு போகணும்?" என்று கேட்பார். தபாற்கந்தோர், முடிவெட்டும் கடை, மருந்துக்கடை என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வேன். புறப்படுமுன் இரண்டு பேரும் வாசலில் நின்றபடி தேத்தண்ணி குடிப்போம். நேற்று பாஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த முறை நிச்சயம் சேர், உங்கள் விளக்கோடு கப்பல் புறப்பட்டுவிட்டது என்றார். நல்லது என்றேன். அந்தக் கப்பல் வழியில் நாலு துறைமுகத்தில் நின்று, மெதுவாக ஆறுதலாக வரட்டும்.