கவுன்ட்டரில் கிடைத்த கனிவு

"முதல்ல உட்காருங்க சார். கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று நர்ஸ் சொன்னதும் டிரைவர் இரண்டடி பின்வாங்கினார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சிஸ்டர், என் மெடிக்கல் ரிப்போர்ட் வந்துடுச்சா?"

ஆம்புலன்ஸ் ஓட்டுவதற்காக இந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருப்பவர் அவர். ரிப்போர்ட்டில் 'ஃபிட்' என்று இருந்தால்தான் வண்டிச் சாவி கைக்கு வரும். இல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் கேட்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது வாஸ்தவம்.

ஆனால் தண்ணீர் எதற்கு? இருபது வருஷமாக நோயாளிகளை ஏற்றி இறக்கியவர். ஆஸ்பத்திரிக்காரர்கள் எரிந்து விழுந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் கதை முடிந்தது என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை.

"தண்ணி வேணாம் சிஸ்டர். ரிப்போர்ட்."

நர்ஸ் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பதட்டமா இருக்கீங்கன்னு தெரியுது. நான் உங்ககூடவே இருக்கேன்."

"நீங்க ஏன் என்கூட இருக்கணும்? 'உனக்கு ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிட்டே இருக்கேன்."

நர்ஸ் தயங்கினாள். ஓரமாக நோட்டும் பேனாவுமாக நின்றிருந்த கண்ணாடிக்கார அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எனக்கே தெரியாததை நான் சொல்ல மாட்டேன் சார்."

கண்ணாடிக்கார அம்மாள் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். பெரிய ஸ்பெஷலிஸ்ட் போலிருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் வருகிற அளவுக்கா முற்றிவிட்டது?

இவளிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று டிரைவர் நேராக லேபுக்குப் போனார். நர்ஸ் பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் நோட்டும் வந்தது.

லேபில் முறுக்கு மீசையோடு ஒரு வாட்டசாட்டமான ஆள். இவராவது நாலு திட்டுத் திட்டுவார் என்று டிரைவருக்கு நம்பிக்கை பிறந்தது.

"ரிப்போர்ட் என்னய்யா ஆச்சு? மறைக்காம சொல்லு!"

மீசைக்காரர் ஒரு கம்பளியை எடுத்து வந்து டிரைவரின் தோளில் பதமாகப் போர்த்தினார். "கோபம் வர்றது இயல்புதான் சார். மெதுவா மூச்சை இழுங்க. நாலு எண்ணி விடுங்க."

"எனக்கு மூச்சு நல்லாத்தான்யா வருது!"

"இதுக்கு முன்னாடி பெரிய கஷ்டம் வந்தப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"

"வண்டியை எடுத்துட்டு எங்கயாவது ஓட்டிட்டுப் போயிடுவேன்."

"ரொம்ப நல்லது. இப்பவும் அதையே செய்யலாமே?"

"அதுக்குத்தானே ரிப்போர்ட் கேக்கறேன்!"

மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுலேர்ந்து யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

டிரைவருக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. இதே கேள்வியை இதே குரலில் எத்தனை பேரிடம் அவரே கேட்டிருக்கிறார்! மனைவியின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அரை மணியில் மனைவி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கும் உட்கார நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அதோடு டிரைவர் உயிராசையை விட்டுவிட்டார். போகிற நேரத்தில் மனசில் பாரம் எதற்கு?

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் தம்பியோட புது காரை இடிச்சது லாரி இல்ல. நான்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது."

மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "இடிச்சா இடிச்சுட்டுப் போகுது. நீங்க நல்லா இருந்தா எனக்கு அது போதுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. சாகப் போகிறோமே என்று முதல்முறையாக நிஜமாகவே துக்கப்பட்டார்.

அப்போது எதிர் ஜன்னல் படாரென்று திறந்தது. "யாருய்யா புது டிரைவர்? எவ்வளவு நேரமாக் கத்தறேன், காது அடைச்சுப் போச்சா? ஃபிட்டுன்னு வந்திருக்கு. கையெழுத்தைப் போட்டுட்டு இடத்தைக் காலி பண்ணு!" என்று குமாஸ்தா எரிந்து விழுந்தார்.

என்ன இனிமையான குரல்! டிரைவர் கம்பளியை உதறிவிட்டுப் பாய்ந்து போய்க் கையெழுத்துப் போட்டார். திரும்பினால், மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"ரிவர்ஸ்லயா?" என்றாள்.

அதற்குள் கண்ணாடிக்கார அம்மாள் நோட்டை மூடினாள். நர்ஸையும் மீசைக்காரரையும் பார்த்து, "ரெண்டு பேரும் பாஸ்! பொய்யா ஆறுதல் சொல்லல, குடும்பத்தையும் கூப்பிட்டீங்க. வகுப்புல சொன்னதுல ஒண்ணுகூட விடல" என்றாள். பிறகு டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நீங்க ரொம்பத் தத்ரூபம் சார். ஆனா மனைவியும் வருவாங்கன்னு எனக்குச் சொல்லவே இல்லையே?"

டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாசலில் ஒருத்தர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க மேடம், பஸ் லேட்டு. மனசுக்கு முதலுதவி செய்யற பரீட்சைக்கு, பயந்துபோன நோயாளியா நடிக்க வரச் சொன்னீங்களே, அது நான்தான். எங்க நின்னு நடுங்கணும்?"