மத்திய நிதியில் ஒரு கிடா

உலகத்தில் நிர்வாகம் என்று ஒன்று தோன்றிய நாள் முதலாக, எங்கள் ‘ஆரணியாற்றுச் சுவிசேஷ சபைகளின் ஐக்கிய’த்தைப் போல மத்திய நிதியைக் கட்டிக் காத்த ஸ்தாபனம் வேறு இருந்ததில்லை. அதன் உதவிச் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று வரை எங்கள் சபைகள் இருளில் கிடந்தன. அறுப்பின் பண்டிகை வந்தால் கோழி, பூசணி, முட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து கோயில் வாசலிலேயே ஏலம் விடுவார்கள். வந்த பணத்தில் அந்தந்த ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு கமிட்டிகூடக் கிடையாது. நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டியவர் எங்கள் பொருளாளர் பாக்கியநாதன் ஐயா. திருவள்ளூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை பறந்தது. இனி எல்லாக் காணிக்கையும் மையத்துக்கே வரவேண்டும். உபதேசியார்களின் சம்பளம் மையத்திலிருந்தே போகும். இதில் முதல் பாதி உடனடியாக அமலுக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சபையில் சாராள் என்றொரு பெண்மணி. முந்தின வருஷம் வரை கூலிக்குக் களை எடுத்தவர். புதிதாக வந்த ஆணித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததற்காக ஒரு கிடாவைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டிருந்தார். சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து, கண்டக்டரிடம் சண்டை போட்டு, அதை பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“கெடாவ எங்க கட்டறது ஐயா?” என்று கேட்டார்.

“எந்தத் தலைப்புல கட்டறதுன்னுதாம்மா யோசிக்கிறோம்” என்றார் பொருளாளர்.

ஏலம் விட்டிருக்கலாம். ஆனால் ஏலக் கமிட்டியை நியமிக்க வேண்டிய கமிட்டி இன்னும் கூடவில்லை. ஆகவே நீண்ட விவாதத்துக்குப் பிறகு கிடா ‘அசையும் சொத்து’ என்று தீர்மானமாயிற்று. அதுவும் அதற்கேற்ப அசைந்துகொண்டுதான் இருந்தது. சொத்தென்றால் பராமரிப்பு வேண்டுமே? தினசரித் தீனிப்படி ஒன்று அனுமதித்தோம்.

நாலு மாதம் கழித்து அந்தச் சபையின் உபதேசியார் தாவீது வந்து நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

“சம்பளம் ஒரு மாசங்கூட வரல ஐயா. ஊட்ல அடுப்பு எரியல. சபையில கேட்டா, எல்லாத்தயும் திருவள்ளூருக்கு அனுப்பிட்டோம்ன்றாங்க.”

“உபதேசியாரே, நிதி இல்லைன்னு யார் சொன்னது? நிறைய இருக்கு” என்றார் பொருளாளர் கனிவோடு. “எடுத்தா குறைஞ்சிடும், அதான் பார்க்கிறேன்.”

தாவீது வெளியே எட்டிப் பார்த்தார். “அந்தக் கெடாவுக்கு மட்டும் தெனம் குடுக்கறீங்களே ஐயா.”

“அது சொத்து. நீங்க செலவு.”

இந்த இடத்தில்தான் என் நிர்வாகத் திறமை வெளிப்பட்டது. உபதேசியாரையே கிடாவுக்குக் காவலாளாகப் போட்டுவிட்டால், தீனிப்படியில் இருவரும் சமாளித்துக்கொள்ளலாமே என்றேன். தீர்மானம் நிறைவேறியது. புண்ணாக்கு வாங்கியது போக மிஞ்சியதை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அலுவலகக் கொட்டகையில் கிடாவோடு படுத்துக்கொண்டார். தன் இட்லியில் பாதியைக் கிள்ளி அதற்கு ஊட்டுவதையும் பார்த்தேன். கணக்கறிவே இல்லாத மனிதர்.

தணிக்கைக்கு வந்தவர், “சொத்து மெலிஞ்சிருக்கே?” என்று கேட்டார்.

“தேய்மானம் சார்” என்றேன். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வருஷ முடிவில் சிக்கனம் தேவைப்பட்டது. கும்மிடிப்பூண்டி உபதேசியார் பதவியை ரத்து செய்தோம். சேதி போனதும் சாராள் அடுத்த பஸ்ஸில் வந்தார். கொட்டகையில் தாவீது புல் உதறிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை, சாராளும் கூப்பிடவில்லை. நேரே பொருளாளர் மேஜைக்கு வந்தார்.

“நான் கெடா குடுத்தது இன்னாத்துக்கு ஐயா?”

“கர்த்தருக்கும்மா.”

“இவரு ஊட்டு அடுப்பு எரியட்டும்னு குடுத்தேன். சரி, கெடாவ நீங்களே வெச்சிக்குங்க. மனுஷன நான் இட்டுக்கினு போறேன்.”

பொருளாளர் பதறிப்போய்ச் சொத்துப் பட்டியலைப் புரட்டினார். தாவீதின் பெயர் எங்கும் இல்லை. “ஆட்சேபணை இல்லை” என்றார் பெருந்தன்மையுடன்.

“வாங்க உபதேசியாரே, பஸ்ஸு பூடும்” என்றார் சாராள். தாவீது கிடாவின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டுப் பின்னாலேயே போனார்.

அந்தச் சனிக்கிழமை பட்ஜெட் கூட்டத்தில் கிடா பிரியாணியாகப் பரிமாறப்பட்டது. ஐக்கியத்தின் வரலாற்றில் ஏகமனதாக முடிந்த ஒரே கூட்டம் அதுதான்.

மறு வருஷம் அந்தச் சபையிலிருந்து ஒரு முட்டைகூட வரவில்லை. பொருளாளரும் நானும் ஐக்கியத்தின் புது ஜீப்பில் விசாரணைக்குப் போனோம். அன்று அங்கே அறுப்பின் பண்டிகை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடியிருந்தார்கள். தாவீது ஒற்றை எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடித்து உரத்த குரலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். சட்டை இப்போது உடம்புக்குச் சரியாக இருந்தது. அவர் பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி, கமிட்டி எதுவும் இல்லாமல் தானாகவே உட்கார்ந்திருந்தது.

“கர்த்தருக்குச் சேர வேண்டியதை இப்படி நிறுத்தி வைக்கலாமா சாராளம்மா?” என்றார் பொருளாளர் கண் கலங்க.

“கர்த்தருக்குக் குடுத்துட்டோமே ஐயா. உங்களுக்குத்தான் குடுக்கல” என்றார் சாராள். பிறகு, “வந்ததே வந்தீங்க, நாஷ்டா துன்னுட்டுப் போங்க” என்று இலை போட்டார். சாப்பிட்டோம்.

பெரியபாளையம் தாண்டியதும் பொருளாளர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு ஓர் அவசரத் தீர்மானம் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். ‘கர்த்தர் வேறு, மத்திய நிதி வேறு என்னும் துருபதேசம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பரவிவருகிறது. அதை வேரோடு களைய ஒரு கமிட்டி அமைக்கப்படுகிறது.’

கமிட்டி பலமுறை கூடிவிட்டது. படி, பயணச் செலவு எல்லாம் தாமதமில்லாமல் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று நிரூபிக்க ஒரேயொரு வேத வசனம் கிடைத்தால் போதும். ஆதியிலிருந்து தேடிக்கொண்டு வருகிறோம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எங்களைத் திட்டுகிற வசனமாகவே வருகிறது.