ஓடை நடுவே நான் சோபாவில் உட்கார்ந்திருந்த காரணம்

மதிப்பிற்குரிய கண்ணாடிக் கடை ஐயா அவர்களுக்கு,

‘சம்பந்தி’ என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து தங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் வராததால், அந்த உரிமையை எடுத்துக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. தங்களுக்கும், தங்கள் துணைவியாருக்கும், எங்கள் மருமகளாக வரவேண்டும் என்று நாங்கள் ஆசைப்படும் தங்கள் மகளுக்கும் என் வணக்கம். இங்கே என் மனைவியும் மகனும் சுகம். எனக்கு மட்டும் ஜலதோஷம் இன்னும் விடவில்லை. தங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன், இருவரும் ஒரே தண்ணீரில்தானே நின்றோம்.

அன்று மாப்பிள்ளை வீடு பார்க்கக் குடும்பத்தோடு வந்த தாங்கள் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து கீழே பார்த்தபோது, ஓடை நடுவில் ஒரு சோபாவில் குடை பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்ததையும், “யாரும்மா அது?” என்று தாங்கள் கேட்டதற்கு என் மனைவி “தெரியலையே, பாவம், யாரோ” என்று சொன்னதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த யாரோ நான்தான் என்பது சற்று நேரத்தில் தங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு மனிதன் ஏன் அங்கே போய் உட்கார்ந்தான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு, அப்புறம் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடையும், அதை ஒட்டிக் கொஞ்சம் காடும் இருக்கிறதல்லவா, அதைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிடும். மண்வெட்டி சத்தம், வாளி சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பஸ் டிரைவரின் குரல். அவருக்கு அங்கே ‘ஹாரன்’ என்று பெயர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏறத் தயாராகிவிடுவார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதானே என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய், “இங்க யாரு பொறுப்பு?” என்று அதட்டினேன். புதருக்குள்ளிருந்து ஓர் அம்மாள் நிமிர்ந்தார். அவர் பல் டாக்டர். “நான்தான். கையை நீட்டுங்க” என்றார். பல் டாக்டர்கள் சொன்னால் நாம் செய்துவிடுகிறோம், என்ன மாயமோ தெரியவில்லை. நீட்டினேன். கையுறையை மாட்டிவிட்டார். “அளவு சரியா இருக்கு. அந்தப் பக்கம் போய், களையா மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியப் பிடுங்குங்க.” “இல்லம்மா, நான் வந்தது வந்து...” என்று இழுத்தேன். “பயப்படாதீங்க, வலிக்காது” என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டார்.

சரி, வந்ததற்கு நாலு செடியைப் பிடுங்கிப்போட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று குனிந்தேன். ஐயா, மண்ணில் கை வைத்தால் ஒரு வேகம் வருகிறது பாருங்கள்! மளமளவென்று பிடுங்கிக் குவித்துவிட்டேன். டாக்டரம்மா வந்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிடுங்கின பல்லைப் பார்ப்பதுபோல் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது போன மழைக்கு நாங்க நட்ட அத்திக் கன்னு” என்றார். கூட்டத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். “எல்லாம் வரிசையா இருந்துச்சு, பிடுங்க வசதியா இருந்துச்சு” என்றேன். அதற்கு அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. “சொத்தைய விட்டுட்டு நல்ல பல்லா பார்த்துப் பிடுங்கியிருக்கீங்க” என்று மட்டும் சொன்னார். அதைவிட ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம். பிடுங்கினவன் நட்டுத்தானே ஆகவேண்டும், அதனால் அடுத்த வாரமும் போனேன். நட்டது பிழைத்ததா என்று பார்க்க அதற்கடுத்த வாரம். அப்படியே ஒட்டிக்கொண்டது.

இனி சோபா. யாரோ ஒரு புண்ணியவான் மூன்று பேர் உட்காரும் பழைய ரெக்சின் சோபாவைக் கொண்டுவந்து ஓடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தான். நானும் ஹாரனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்ததுதான் தாமதம், கிழிந்த இருக்கைக்குள்ளிருந்து “கொர்ரக்” என்று ஒரு சத்தம். நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்தாற்போல் ஒரு நீர்க்கோழி தலையை நீட்டி எங்களை முறைத்தது. அதன் அடியில் கோரைப்புல் மெத்தை, மெத்தையில் முட்டைகள். “எல்லாரும் கையை எடுங்க!” என்று டாக்டரம்மா கத்தினார். “குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இது சோபா இல்ல, பிரசவ வார்டு!”

வார்டுக்குக் காவல் வேண்டுமே. அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான். அக்கரைத் தெருநாய்கள் சாவகாசமாக நடந்து வந்துவிடும். பகலில் யாராவது ஒருவர் சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது என்று முடிவாயிற்று. ஹாரன் வாயைத் திறந்தால் கோழி பறந்துவிட்டது. டாக்டரம்மா கிட்டே போனாலே அது வாயை இறுக மூடிக்கொண்டது. என்னை மட்டும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் வகுப்பறையில் உட்கார்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். பணி நிறைவுக்குப் பிறகும் அதே மரியாதை தொடர்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தாங்கள் வருவதாக இருந்த அன்று எனக்குக் காலை முறை. ஹாரன் வந்து மாற்றிவிடுவார், நான் மேலே போய்க் குளித்துவிட்டுத் தங்களை வாசலில் நின்று வரவேற்பேன். இதுதான் ஏற்பாடு. ஆனால் ஹாரனை டிப்போவில் பிடித்துக் கூடுதலாக ஒரு டிரிப் அனுப்பிவிட்டார்கள். எழுந்து போகலாமென்றால் கரையில் ஒரு செவலை நாய், நான் எப்போது எழுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாங்களோ சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்தேன், பால்கனியில் தாங்கள். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? எழுந்து நின்று கும்பிட்டு, “வாங்க, வாங்க! உட்காருங்க!” என்றேன். பழக்கதோஷம், கை தானாகப் பக்கத்து இருக்கையைக் காட்டிவிட்டது.

அப்போதுதான் சோபா நகர்ந்தது. மேற்கே எங்கோ மழை பெய்திருக்கிறது. இந்த ஓடை மூப்புநிலை அடைந்த நீரோட்டம், இனி இது மெதுவாகத்தான் போகும் என்று டாக்டரம்மாவிடமே நான் விளக்கம் சொல்லியிருந்தேன். அதற்கு அந்த நிமிடம் பார்த்து இளமை திரும்பிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் பாலத்தடியில் குழாய் இருக்கிறது. அதில் போய் மோதினால் சோபா தூள், முட்டை கூழ். தாங்கள் மாடிப்படி இறங்கி ஓடிவந்தீர்கள். அந்த வயதில் அந்த ஓட்டத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

“குதிங்க சார், குதிங்க!”

“முடியாது, முட்டை இருக்கு!”

“முட்டைக்காகவா உயிர விடுறீங்க?”

“அம்மா வேற உட்கார்ந்திருக்கா!”

தாங்கள் திகைத்துச் சோபாவின் பின்னால் எட்டிப் பார்த்தீர்கள். கோழி கழுத்தை நீட்டிற்று. அப்புறம் தங்களுக்கு என்ன தோன்றியதோ, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டீர்கள். அதற்குள் தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிட்டது. தாங்கள் ஒரு கைப்பிடி, நான் ஒரு கைப்பிடி. இழுப்பு தாங்காமல் தாங்கள் பெல்ட்டை உருவி, சோபாக் காலையும் கரையோரத்துப் பழைய அத்தி மர வேரையும் சேர்த்துக் கட்டினீர்கள். கட்டும்போது கோழி தங்கள் கையைக் கொத்தியது. அப்போது அதைப் பார்த்துத் தாங்கள் சொன்னது எதையும் நான் வெளியில் சொல்லவில்லை, என் மகனைத் தவிர. டாக்டரம்மாவும் மற்றவர்களும் ஓடிவந்தபோது தாங்கள் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி கரையில் நின்றீர்கள். “நல்ல பிடி சார் உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை ஓய்வுதானே?” என்று அந்த அம்மாள் கேட்டார். தாங்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். தங்கள் மகளும் என் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதை மட்டும் நான் கவனித்தேன்.

தாங்கள் போனபிறகு என் மனைவி பிடித்தாள் பாருங்கள். “பொண்ணைக் கரையேத்த வந்த மனுஷனை உங்களைக் கரையேத்த வச்சுட்டீங்களே! இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்குப் பேசுறது?” என்று கேட்டு அழுதேவிட்டாள். மகன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

போன வாரம் முட்டைகள் பொரிந்தன. கரிப் பஞ்சை உருட்டிவிட்டாற்போல் குஞ்சுகள். ஒவ்வொன்றாக விளிம்பில் வந்து நின்று, யோசித்து, தொப்பென்று தண்ணீரில் விழுந்து, விழுந்த கணமே எல்லாம் தெரிந்ததுபோல் நீந்திப் போயின. வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் ஆறு வரைந்தவன் நான். ஓர் ஓடைப் பக்கத்தில் இத்தனை நேரம் நின்றதே கிடையாது. கடைசிக் குஞ்சு மட்டும் இறங்கப் பயந்து நின்றபோது, ‘ஐயோ, இதை அவர் பார்க்கணுமே’ என்று தங்கள் நினைவுதான் வந்தது.

ஆனால் ஒரு பெண்ணும் பையனும் வாழப்போகும் வாழ்க்கையைவிட ஓடை எனக்குப் பெரிதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன்: இன்றோடு விட்டேன். கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இனி அந்தப் பக்கத்து ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டேன். என் மனைவியும் அந்தச் சேற்றுக் கும்பலின் நிழல் நம் வீட்டு வாசலில் விழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெரிய மனது பண்ணி, பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். தங்கள் குடும்பத்தார் எல்லாரும் நோய்நொடியின்றி, முக்கியமாக ஈரமில்லாமல், நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பையனின் தகப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுத் தபாலில் போடப் போகிற வழியில் கையுறையையும் கொடுத்துவிடலாம் என்று ஓடைக்குப் போனேன். மறுபடி உறையைப் பிரித்து எழுத வேண்டியதாகிவிட்டது. கரையில் முழங்கால் வரை சேற்றோடு இரண்டு பெண்கள் உண்ணிச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் தங்கள் துணைவியார். நான் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு வாரமாகவே வருகிறாராம். தங்களிடம் ‘வாக்கிங்’ என்று சொல்லியிருக்கிறாராம். பிடுங்கிக்கொண்டே பேசி, கல்யாணத்துக்கு மாதம், மண்டபம் வரைக்கும் முடிவு செய்துவிட்டார்கள். “அப்பாக்கள் ரெண்டு பேருக்கும் மெதுவா சொல்லிக்கலாம், அவங்களே முடிவு பண்ணின மாதிரி இருக்கட்டும்” என்று இருந்தார்களாம். இனி ஓடைக்கு வரும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குத் தாங்களே ஏதாவது பண்ணிக்கொள்ளும்படி தங்கள் துணைவியார் சொல்லச் சொன்னார். கையுறையை நான் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிறு பாலத்தடியில் ஒரு ஃப்ரிட்ஜை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது, பிடி உள்ள ஆள் வேண்டுமாம். சம்பந்தி, தங்கள் கால் அளவு என்ன என்று உடனே தெரிவிக்கவும். டாக்டரம்மா ரப்பர் பூட்ஸ் எடுத்துவைக்க வேண்டும் என்கிறார்.